பார்த்தாலே தெரியுமா?

சிங்கப்பூரின் ஜூரோங்கில் நம்மவர்கள் நடுவே ஒரு தீர்ப்பு புழங்குகிறது: "பார்த்தாலே தெரியும்." விடியற்காலையில் லாரியின் பின்னால் உட்கார்ந்து போகிறவரைப் பார்த்தாலே தெரியும். பூன் லே பேருந்து நிலையத்தில் பிளாஸ்டிக் பையோடு நிற்பவரைப் பார்த்தாலே தெரியும். பெர்மிட்டில் வந்தவர். கடன் வாங்கி ஏஜண்டுக்குக் கட்டியவர். ஊரில் குடும்பம், இங்கே சைட், டார்மிட்டரி, ஞாயிற்றுக்கிழமையானால் தேக்கா. இதற்குமேல் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? வசதி படைத்தவர்களும் இந்தத் தீர்ப்புக்குத் தப்புவதில்லை. கொண்டோவில் குடியிருக்கிறாரா, ஐடி வேலையா, பிள்ளை சர்வதேசப் பள்ளியிலா என்று கேட்டு முடித்ததும் அவரைப் பற்றியும் ஒரு முடிவு தயாராகிவிடுகிறது. ஆனால் அந்த முடிவால் அவருக்கு இழப்பு அதிகமில்லை. லாரியில் போகிறவருக்கு இருக்கிறது. ஆகவே அவர்மீது விழும் பார்வையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மறுக்கப் புகுந்த கருத்தை முதலில் அதன் வலுவான வடிவிலேயே வைத்துவிடுகிறேன். வர்க்கம் கற்பனை அல்ல என்கிறார்கள். ஒருவர் என்ன சம்பாதிக்கிறார், எங்கே தூங்குகிறார், பிள்ளையின் முகத்தை எப்போது பார்க்கிறார் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. சிங்கப்பூரில் அது சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. எஸ் பாஸ், ஈபி என்ற மேல்நிலை வேலை அனுமதி வைத்திருப்பவரின் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியை எட்டினால் மனைவி மக்களை அழைத்துவர விண்ணப்பிக்கலாம்; வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு அந்த வழியே கிடையாது. சிங்கப்பூரர் ஒருவரை அவர் மணக்க விரும்பினால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொருவர் பேரிலும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுத்திருக்கிறார். இவ்வளவு ஒரே மாதிரியான கட்டுக்குள் வாழ்கிறவர்களின் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வர்க்கம் தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரி. அப்படித் தெரிந்துகொண்டதால்தான் எங்களால் இரங்கவும் உதவவும் முடிகிறது. இதுதான் அவர்கள் வாதம். இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். தீபாவளிக்கு விடுதிகளுக்கு இனிப்புப் பொட்டலம் கொண்டுபோகிறவர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் தங்கள் கைக்காசில் முகக்கவசமும் டாப்-அப்பும் வாங்கிக் கொடுத்தவர்கள்.

அவர்கள் அடுக்கும் தகவல்கள் அத்தனையும் சரி. அவற்றிலிருந்து வந்து சேரும் முடிவு தவறு. அந்தத் தவறால் ஆட்கள் அடிபடுகிறார்கள், நோய்வாய்ப்படுகிறார்கள், சாகிறார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. வேலை அனுமதிச் சீட்டு ஆளை அறிவதற்காக அச்சடிக்கப்பட்டதே அல்ல.

கட்டுமானத்திலும் ஆலைப் பணிகளிலும் இருக்கும் பெர்மிட் ஊழியர்களை மனிதவள அமைச்சு ஆர்1, ஆர்2 என்று பிரித்து வைத்திருக்கிறது. ஆர்1 என்றால் உயர்திறன், ஆர்2 என்றால் அடிப்படைத் திறன். எதற்காக இந்தப் பிரிவு? ஆளொன்றுக்கு மாதாமாதம் முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய தீர்வையைக் கணக்கிடுவதற்காக. ஆர்1 என்றால் தீர்வை குறைவு, ஆர்2 என்றால் கூடுதல். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தேவையான தகவல். அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மனிதரின் அறிவுக்கு அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜூரோங் தீவே சாட்சி.

கடலைத் தூர்த்து ஏழு சிறு தீவுகளை ஒன்றாக்கிய நிலம் அது. 2000 அக்டோபரில் முறைப்படி திறக்கப்பட்டது. எண்ணெயும் ரசாயனமும் அழுத்தத்தில் ஓடும் குழாய்கள் தீவு முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன. அந்தக் குழாய்களைப் பற்றவைப்பவர்களில் புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். 6ஜி என்று ஒரு வெல்டிங் தேர்வு இருக்கிறது. குழாயை 45 பாகைச் சாய்வில் நிறுத்தி அசையாமல் பூட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றிவர வேண்டும். ஒரே மூட்டில் தலைக்குமேல் ஒரு பகுதி, பக்கவாட்டில் ஒரு பகுதி, கீழே ஒரு பகுதி. உருகிய உலோகம் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு திசையில் வழியப் பார்க்கும். முடித்த மூட்டை எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு காற்றுக்குமிழி கூடிப்போனாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வார்கள். சுவருக்கும் குழாய்க்கும் நடுவே தலை நுழையாத இடமென்றால் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பின்னால் வைத்து, அதில் தெரியும் தலைகீழ் பிம்பத்தைப் பார்த்தே பற்றவைப்பவர்கள் உண்டு. கை வலப்பக்கம் போனால் கண்ணுக்கு இடப்பக்கம் தெரியும். அறுவை சிகிச்சை நிபுணரிடம் நாம் வியக்கும் அதே நிதானம் இது. இதைச் செய்துவிட்டு மாலையில் லாரியில் ஏறி உட்காருகிறவரைத்தான் பார்த்தாலே தெரியும் என்கிறோம். நமக்குத் தெரிவது அவருடைய சட்டையில் ஒட்டியிருக்கும் கரி.

2. இரக்கமும் தீர்ப்புதான்.

இழிவாகப் பேசுபவரை மறுப்பது எளிது. "பாவம்" என்பவரை மறுக்க யாரும் துணிவதில்லை, அந்தச் சொல்லில் அன்பு இருப்பதால். ஆனால் இழிவும் இரக்கமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடும் இடத்தில். ஒருவர் "இவங்க இப்படித்தான்" என்கிறார். இன்னொருவர் "பாவம், இவங்க இப்படித்தான்" என்கிறார். கூடுதலாக ஒரு சொல் வந்ததைத் தவிர அறிவு எதுவும் கூடவில்லை.

ஜூரோங்கின் பெஞ்சுரு பகுதியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போனால் மரத்தடியிலும் படிக்கட்டிலும் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். கடந்து போகிறவரின் மனத்தில் ஒரு படம் தானாக ஓடும்: ஊரில் மனைவி அழுகிறாள், குழந்தை அப்பா எப்போது வருவாய் என்கிறது, இவர் கண்ணைத் துடைக்கிறார். அப்படி உட்கார்ந்திருந்த ஒருவரின் பேச்சு என் காதில் விழுந்தது. "எத்தனை அடி போயிருக்கு மச்சான்? கேசிங் பைப்பு எத்தனை அடி எறக்குனாங்க? நீ கண்ணால பாத்தியா, இல்ல அவன் சொன்னதா? தண்ணி ஒன்றரை இஞ்சுதான் வருதுன்னா இன்னும் அம்பது அடி போகச் சொல்லு. அடிக்கு எவ்வளவுன்னு பேசினோமோ அதுக்குமேல ஒத்த ரூபா குடுக்காத. பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பு." தன் வயலில் போர் போட்டுக்கொண்டிருந்த வண்டியைக் கடல் தாண்டி உட்கார்ந்து நடத்திக்கொண்டிருந்தார் அவர். அழவில்லை. அதட்டினார், கணக்குப் போட்டார், ஒரு கட்டத்தில் சிரித்தார். அவருக்குத் துக்கம் எதுவும் இருக்காது என்று இதற்குப் பொருளில்லை. அவருடைய துக்கம் எது என்று நமக்குத் தெரியாது. "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் அவரை ஒரு விவசாயியாக, கண்டிப்பான கணக்காளராக, மச்சினனை நம்பாத மனிதராகப் பார்க்கும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார்.

உதவியும் இதனால் கோணிப்போகிறது. ஏற்கெனவே தெரியும் என்று நினைப்பவர் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. பழைய துணி மூட்டையைக் கொண்டுபோய் இறக்குகிறார். முறையான சம்பளச் சீட்டும், ஓவர்டைம் கணக்கில் விளக்கமும், காலையில் கட்டி வரும் கேட்டரிங் சாப்பாடு மத்தியானம் திறக்கும்போது ஊசிப்போகாமல் இருப்பதும் வேண்டியவருக்குத் துணி மூட்டை எதற்கு?

3. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது சோற்றுக்கு மட்டும் பொருந்தும்.

ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. ஒன்று வெந்தால் மற்றதும் வெந்திருக்கும். ஒரு லாரியில் இருபது பேர் இருந்தால் அங்கே இருப்பது இருபது உலை. டிப்ளமா முடித்துவிட்டு ஊரில் ஏழாயிரம் எட்டாயிரத்துக்கு அலைந்து வெறுத்து வந்தவரும், எட்டாம் வகுப்போடு நின்றவரும் ஒரே பலகையில் உட்காருகிறார்கள். தங்கைக்குத் திருமணம் முடிக்க வந்தவர், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர், வெளிநாடு பார்க்கும் ஆசையில் மட்டும் வந்தவர் என்று எல்லோரும் அதில் உண்டு. கடனுக்காக வந்தவர்கள் நிறையப் பேர், எல்லோரும் அல்ல. மூன்றாவது முறையாக பெர்மிட் எடுத்து வந்திருக்கும் சூப்பர்வைசருக்கும் முதல் சம்பளமே இன்னும் கைக்கு வராத பையனுக்கும் நடுவில், ஒரு நிறுவனத்தில் மேலாளருக்கும் கடைநிலை ஊழியருக்கும் இருக்கும் தூரம் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அந்தத் தூரம் தெரிவதில்லை.

இது நமக்கே நடந்தால் எப்படிக் கொதிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் உயர்நிலை மாணவர்களுக்கான சமூகவியல் துணைநூல் ஒன்றின் பக்கம் சிங்கப்பூர் முழுக்கச் சுற்றியது. வசதியானவர்கள் முறையான ஆங்கிலம் பேசுவார்கள், வசதி குறைந்தவர்கள் சிங்கிலிஷ் பேசுவார்கள். இவர்கள் இங்கே சாப்பிடுவார்கள், அவர்கள் அங்கே சாப்பிடுவார்கள் என்று பட்டியல் போட்டிருந்தது. எங்களை இப்படியா அடைப்பது என்று நாடே கேட்டது. அந்த நூல் தன் அங்கீகாரப் பட்டியலில் இல்லை என்று கல்வி அமைச்சு விளக்கம் தர வேண்டியதாயிற்று. அன்று கோபப்பட்டவர்கள் சரியாகவே கோபப்பட்டார்கள். அதே பட்டியலை, வாய்மொழியாக, லாரியில் போகிறவர்களுக்கு நாம் தினமும் போடுகிறோம்.

இங்கே ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி 2014இல் தொடங்கியது. முதலில் வங்காளத்துக்கு, பிறகு தமிழ் உட்பட வேறு மொழிகளுக்கும் விரிந்தது. கட்டுமானத் துறையில் வேலை செய்த முகம்மது ஷரீஃப் உத்தினின் நினைவுக்குறிப்பு நூல் 2018இல் சிங்கப்பூர் புத்தக விருது பெற்றது. "பாருங்கள், நாங்கள் அவர்களைக் கவிஞர்களாகவும் பார்க்கிறோமே" என்கிறார்கள். அந்தப் போட்டியும் அந்த நூலும் போற்றத்தக்கவை. அவற்றை நடத்தியவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் என் மரியாதை. ஆனால் கவிதை எழுதினால்தான் ஒருவர் தனி மனிதராகக் கண்ணில் படுவார் என்றால், எழுதாத லட்சக்கணக்கானவர்கள் மறுபடி கும்பலாகிவிடுகிறார்கள். கவனிக்கப்படுவதற்கு யாரும் பரிசு வாங்கியிருக்க வேண்டியதில்லை.

4. வாய் திறக்காதவர் திருப்தியாக இருக்கிறார் என்று யார் சொன்னது?

2020 மே மாதம் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது: விடுதிகளில் தொற்று பரவியதற்கு அரசு அந்த ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்குமா? அப்போதைய மனிதவள அமைச்சர் ஜோசஃபின் டியோ, மன்னிப்புக் கேட்கும்படி கோரிய ஓர் ஊழியரைக்கூடத் தான் சந்திக்கவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். இந்தப் பதிலை ஓர் அமைச்சரின் பிழையாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது, நம்மில் பலர் அதே மாதிரிதான் நினைக்கிறோம். "கேட்டால் நல்லாயிருக்கேன்னுதான் சொல்றாங்க."

வேறென்ன சொல்வார்? அவருடைய அனுமதிச் சீட்டை முதலாளி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரத்தானால் அடுத்து விமானம். ஏஜண்டுக்குக் கட்டிய பணம் இன்னும் வட்டியோடு ஊரில் நிற்கிறது. இந்த நிலையில் இருப்பவரிடம் சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "எல்லாம் வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டால் வரும் பதிலுக்கு ஒரு மதிப்பும் இல்லை. யார் கேட்கிறார், எங்கே நின்று கேட்கிறார், பதில் சொல்பவருக்கு அதனால் என்ன போகும் என்பதையும் சேர்த்து யோசிப்பவருக்கே அந்த "நல்லாயிருக்கேன்" புரியும். பணிவோடு பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான். எனக்குக் கிடைத்த பதில் முழுமையானதாக இல்லாமல் இருக்கலாம், அதற்குக் காரணம் நானாகவும் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டு பார்ப்பது.

5. "அவங்க வேற, நாம வேற" என்பவர் தன் வீட்டுப் பழைய கதையைப் படிக்கவில்லை.

1825இலிருந்து 1873 வரை இந்தியக் கைதிகள் கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவரப்பட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று இஸ்தானா என்று அழைக்கப்படும் மாளிகையையும் கட்டியதில் அவர்கள் கை உண்டு. அவர்களுக்குப் பின்னே துறைமுகத்துக்கும் நகராட்சிக்கும் செம்பவாங் கடற்படைத் தளத்துக்கும் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய சிங்கப்பூர்த் தமிழரில் கணிசமானோர். 1950களில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழ் முரசு வழியாகத் தமிழரை விடாமல் வலியுறுத்திய கோ. சாரங்கபாணி, அன்றைய கூலிக்காரரிடம் நாளைய குடிமகனைக் கண்டார். அன்று பார்த்தாலே தெரியும் என்றவர்களுக்கு அது தெரியவில்லை.

ஜூரோங்குக்கே வருவோம். சதுப்பு நிலத்தைத் தூர்த்து, இரும்பாலையும் கப்பல் பட்டறையும் எழுப்பி, 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகமும் அமைத்த காலத்தில் இங்கே எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பியவர்கள் நம் அப்பாக்களும் மாமாக்களும். 1978 அக்டோபர் 12ஆம் தேதி ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்கு நின்றிருந்த ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். போருக்குப் பிந்தைய காலத்தில் இந்த நாடு கண்ட மிக மோசமான தொழில் விபத்து அது. அந்த 76 பேரைப் பற்றியும் யாரோ ஒருவர் அன்று காலை பேருந்தில் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

இதிலிருந்து "இவர்களின் பிள்ளைகளும் நாளை டாக்டர் ஆவார்கள், ஆகவே மதியுங்கள்" என்ற முடிவுக்கு நான் போகவில்லை. உயர்ந்து காட்டினால்தான் மதிப்பு என்பதும் வர்க்கக் கண்தான். லாரியில் வந்து லாரியிலேயே போய், சேர்த்ததை ஊரில் செலவழித்துவிட்டு ஓய்ந்து உட்காருகிறவரின் வாழ்க்கையும் முழு வாழ்க்கையே.

6. விலகி இருப்பதுதான் மரியாதை என்பது பாதி உண்மை.

"நான் யாரையும் கவனிப்பதில்லை, யாரைப் பற்றியும் ஒன்றும் நினைப்பதில்லை, அதுதான் நாகரிகம்" என்பவர்களும் உண்டு. துருவித் துருவிக் கேட்பது அநாகரிகம் என்பதை ஏற்கிறேன். விடுதி வாசலில் கேமராவோடு நின்று கண்ணீர்க் காணொளி எடுப்பவர்களைவிட இவர்கள் மேல். ஆனால் ஒன்றும் நினைக்காமல் யாரும் இருப்பதில்லை. ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் உட்காராமல் நிற்கும்போது ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது. அந்த ஊழியரும் அதைப் பார்க்கிறார். சட்டையில் அழுக்கு இருக்கிறது என்று தானாகவே தரையில் குந்தி உட்காருகிறாரே, அது நம் முகத்தைப் படித்துப் படித்து அவர் கற்றுக்கொண்டது. நாம் அவரைக் கவனிக்காமல் இருக்கலாம். அவர் நம்மை மிகக் கூர்மையாகக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

7. வர்க்கத்தை மறந்துவிட்டு மனிதரை மட்டும் பார்க்கச் சொல்வது பசப்பு என்ற வாதம் மிகவும் கனமானது.

இதுவரை சொன்னவற்றில் எதற்கும் அஞ்சாத ஒரு வாசகர் இருப்பார். அவர் இடதுசாரியாக இருக்கலாம், தொழிற்சங்கம் தெரிந்தவராக இருக்கலாம். அவர் கேட்பார்: "தனி மனிதர், தனி மனிதர் என்று பேசிப் பேசித்தான் கட்டமைப்பை மறைக்கிறார்கள். அவர் போர் போடும் கதை ரசமாக இருக்கிறது. அவருடைய அடிப்படைச் சம்பளம் என்ன?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். சம்பளத்தை, தீர்வையை, பிணைத்தொகையை, அறையின் சதுர மீட்டரைப் பேசாமல் மனிதநேயம் மட்டும் பேசுவது பயனற்றது. வர்க்கம் என்ற கருவி இல்லாமல் இவற்றை எண்ணவே முடியாது.

ஆனால் எண்ணுவதற்கான கருவி வேறு, ஓர் ஆளை அறிவது வேறு. நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தச் சீட்டில் கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலைத் துறைகளில் இருக்கிறார்கள் என்று சொல்ல வகைப்பாடு வேண்டும். அந்த நான்கு லட்சத்தில் ஒருவர் ஏன் புகார் கொடுக்கிறார், அதே அறையில் இன்னொருவர் ஏன் கொடுப்பதில்லை என்று அறிய, அந்த இருவரிடமும் பேச வேண்டும். கட்டமைப்பை நன்றாக ஆராய்ந்தவர்கள் இதைத்தான் செய்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் ஏற்றத்தாழ்வு குறித்து 2018இல் வெளிவந்து பரவலாக வாசிக்கப்பட்ட நூலை எழுதிய சமூகவியலாளர் டியோ யூ யென், வாடகை வீடுகளில் வசிக்கும் குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்காகப் போய் வந்து பேசினார். வெளியிலிருந்து பொறுப்பின்மையாகத் தெரிந்த முடிவுகளுக்குப் பின்னே, உள்ளேயிருந்து பார்த்தால் நியாயமான கணக்கு இருப்பதை அவர் காட்டினார். அவர் எழுதியது கட்டமைப்பைப் பற்றித்தான். ஆனால் கதவைத் தட்டி, உள்ளே உட்கார்ந்து, கேட்ட பிறகு எழுதினார். ஆட்களைக் கேளாமல் கட்டமைப்பை மட்டும் பேசுகிறவர், தான் யாருக்காகப் போராடுகிறாரோ அவர்களையே தன் கோட்பாட்டுக்கு உதாரணங்களாக மாற்றிவிடுகிறார்.

8. பார்வை பார்வையோடு நிற்பதில்லை. சாலையாகிறது, சுவராகிறது, பாஸாகிறது.

மேலே சொன்னதெல்லாம் மனப்பாங்கு பற்றிய விவகாரம்தானே, நான் மனத்துக்குள் என்ன நினைத்தால் யாருக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் கடைசி மறுப்பு.

2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் பழைய தொழில்நுட்பப் பள்ளியைத் தொழிலாளர் விடுதியாக்கும் திட்டம் வந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். திருட்டு நடக்கும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை, வீட்டு விலை இறங்கும். வந்து குடியேறாத, பெயர் தெரியாத ஆட்களைப் பற்றி அவர்களுக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது. கடைசியில் விடுதி அளவில் சுருங்கி வந்தது. ஊழியர்கள் குடியிருப்புச் சாலைகளுக்குள் நுழையாதபடி தனிச் சாலையும் போடப்பட்டது.

2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. ஆம்புலன்ஸ் எரிக்கப்பட்டது குற்றம். அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் இருந்தவர்கள் சுமார் 300 பேர். மறுநாளிலிருந்து சந்தேகம் விழுந்தது அத்தனை லட்சம் பேர் மேலும். அந்த நேரத்தில் டார்மிட்டரியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் மேலும்.

2020 ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலில் ஒரு விடுதியும், இங்கே ஜூரோங் ஈஸ்ட்டை ஒட்டிய தோ குவானில் ஒரு விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 பேர். அடுத்த வாரமே ஒரு சீன நாளிதழில் வாசகர் கடிதம் வந்தது: நோய் பரவக் காரணம் அவர்களுடைய சுகாதாரப் பழக்கம், கையால் சாப்பிடுவது, கூட்டம் கூடுவது. அமைச்சர் கா. சண்முகம் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேரை அடுக்கி, ஒரே கழிப்பறையைப் பலருக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் கையால் சாப்பிடுகிறார்கள் என்று காரணம் கண்டுபிடிக்க, பார்த்தாலே தெரியும் என்ற கண்ணால் மட்டுமே முடியும். அந்த ஆண்டு டிசம்பருக்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று அரசே அறிவித்தது.

நோய் தணிந்த பிறகு என்ன நடந்தது? 2022 ஜூன் 24 முதல், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் விடுதி ஊழியர்கள் நான்கு இடங்களுக்குப் போகத் தனி பாஸ் எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட். நானும் நீங்களும் காய்கறி வாங்கப் போன அதே ஜூரோங் ஈஸ்ட். அதே ரயில், அதே காப்பிக்கடை. நம் ஊரில் கால் வைக்க ஒருவருக்கு அனுமதி வேண்டும், நமக்கு வேண்டாம் என்றபோது நம்மில் எத்தனை பேருக்கு அது உறுத்தியது?

லாரியும் அப்படித்தான். சரக்கு லாரியின் பின்பகுதியில், சீட் பெல்ட் இல்லாமல், ஊழியர்களை ஏற்றிச் செல்லச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. 2021 ஏப்ரல் 20ஆம் தேதி தீவு விரைவுச்சாலையில் அப்படிப்பட்ட ஒரு லாரி நின்றிருந்த டிப்பரில் மோதி, இரண்டு பேர் இறந்தார்கள். 2023இல் இந்த வழக்கத்தை நிறுத்தும்படி அமைப்புகள் கேட்டபோது, சிறு நிறுவனங்களால் செலவைத் தாங்க முடியாது, வீடு கட்டும் திட்டங்கள் தாமதமாகும் என்று பதில் வந்தது. செலவுக் கணக்கு பொய்யல்ல. ஆனால் நம் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அந்த லாரியில் ஏற்றி அனுப்ப, எந்தச் செலவுக் கணக்குக்காகவும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஏற்றப்படுகிறவர் நமக்குத் தெரிந்த வகை, தெரியாத ஆள் என்பதால்தான் இந்தக் கணக்கு நமக்கு எடுபடுகிறது.

பெருந்தொற்றுக்குப் பிறகு, 2021 செப்டம்பரில், புதிதாகக் கட்டும் விடுதிகளுக்குப் புதிய தரம் வகுக்கப்பட்டது: ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம், அறைக்கு அதிகபட்சம் 12 பேர், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மீட்டர், ஆறு படுக்கைக்கு ஒரு கழிப்பறை. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஏற்கெனவே இருக்கும் விடுதிகள் இந்தத் தரத்தை முழுமையாக எட்டுவதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கெடு 2040. பெருந்தொற்று வந்தபோது 25 வயதில் அந்த அறைகளில் படுத்திருந்தவருக்கு அப்போது 45 வயது.